பி பக்கம், நான்காம் பாட்டு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. தூத்துக்குடியில் ஒரு ஒலிப்பதிவுக் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். பழைய கேசட்டில் இருப்பதைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருவது என் வேலை.
2. அந்த வருடங்களில் ஒரு பாட்டின் மேல் பைத்தியமானேன்.
3. அதைப் பாடியது யார் என்று ஆராய்ந்து, நீளமான ஒரு கட்டுரை எழுதி இணையத்தில் போட்டேன்.
4. பாடியவர் கடைக்கு நேரிலேயே வந்தார்.
5. அது நீங்கள் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.
6. முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றேன். ஐந்துக்கும் ஆறுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

ஓய்வு என்றதும் சால்வை, மாலை, வெள்ளித் தட்டு என்று கற்பனை செய்ய வேண்டாம். கடையின் ஒலிப் பிரிவை மூடினார்கள், அவ்வளவுதான். ஒலிப் பிரிவு என்பது நான், இரண்டு கேசட் டெக், ஒரு கணினி. கடையின் முன்பகுதியில் பாஸ்போர்ட் போட்டோவும் ட்ரோன் வாடகையும் இன்றும் அமோகமாக நடக்கின்றன. கடைசி நாளில் முதலாளி சுலைகா மேடம் நான் பயன்படுத்திய ஹெட்போனை என் கையில் கொடுத்து, "இதுல இடது பக்கம் வேலை செய்யாது. உனக்குத்தான் பழகிப்போச்சே, வச்சுக்கோ" என்றார். பிரிவுபசார உரை அதோடு முடிந்தது. இப்போது துறைமுகத்தில் லாரி எடைமேடைகளைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். எடைமேடை பாடுவதில்லை. பாடியது யார் என்று அதைப் பற்றி யாரும் என்னிடம் கருத்தும் கேட்பதில்லை.

இதை எழுதச் சொன்னது என் கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்த இரண்டு பெண்கள். பழைய பாட்டுகளுக்காக ஒரு இணையப் பக்கம் நடத்துகிறார்கள். போன மாதம் ஒரு மென்பொருளைக் காட்டினார்கள். பொத்தானை ஒருமுறை தட்டினால் குரல் தனியாக, வாத்தியம் தனியாக, இரைச்சல் தனியாக மூன்று கோப்பாக வந்து விழுகிறது. "அக்கா, நீங்கல்லாம் இத கையாலயா செஞ்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தவரிடம் கேட்பது போன்ற ஒரு பரிவு அந்தக் குரலில் இருந்தது. பிறகு, "உங்களுக்குப் பிடிச்ச பத்து ஆல்பம், அபூர்வமான பாட்டு எல்லாம் ஒரு லிஸ்ட்டா எழுதிக் குடுங்களேன்" என்றார்கள்.

பட்டியல் என்றால் எனக்கு மறுக்கத் தெரியாது. மின்னணுவியல் படித்தவள். படிப்பு நான்கு வருடம், கடையில் தொழில் பழகியது ஆறு மாதம். இரண்டிலும் உருப்படியாகக் கற்றது சாலிடரிங் செய்யும்போது புகையை மூக்கில் ஏற்றாமல் இருப்பது. மற்றபடி எதையும் எண் போட்டு அடுக்கினால் அது எனக்குப் புரிந்துவிட்டது என்று நம்புகிறவள். ஆல்பங்களுக்கு நூறு மதிப்பெண் வைத்திருந்தேன். குரலுக்கு நாற்பது, வாத்தியம், பதிவின் தரம், அபூர்வம் மூன்றுக்கும் தலா இருபது. அபூர்வத்துக்கு அளவுகோல், எவ்வளவு குறைவான பேர் கேட்டிருக்கிறார்கள் என்பது. இந்த முறைப்படி யாருமே கேட்காத பாட்டுக்குத்தான் முழு இருபதும் கிடைக்கும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

பத்தும் வேண்டாம். மூன்று போதும்.

மூன்றாம் இடம், தேரிக்காட்டுப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில் நடந்த இன்னிசைக் கச்சேரியின் நேரடிப் பதிவு. குழுவின் பெயர் கேசட்டில் அழிந்துவிட்டது. மூன்றாவது பாட்டின் உச்சத்தில், பாடகர் மேல் ஸ்தாயியில் நின்று இழுத்துக்கொண்டிருக்கும்போது, அதே மைக்கில் வேறொருவர், "வெள்ளக் கலரு வேன கெணத்துப் பக்கமா நிப்பாட்டிருக்க அண்ணாச்சி, வண்டிய எடுங்க, சப்பரம் திரும்ப முடியல" என்கிறார். பாடகர் ஒரு நொடி கூட விடாமல் இழுக்கிறார். அறிவிப்பு முடிந்ததும் இருவரும் ஒன்றாக நிறுத்துகிறார்கள். நான் அந்த வேன் அறிவிப்பை இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டுத் தெரியாமல் வெட்டி எடுத்தேன். கேசட் கொண்டுவந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி கேட்டுவிட்டு, "எம்மா, வேன எங்க?" என்றார். "எடுத்துட்டேன் அண்ணாச்சி." "அன்னைக்கு நாங்க சொல்லியே எடுக்கல அவன். நீ எப்பிடி எடுத்த?" என்றவர், அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்வரை கடையை விட்டு நகரவில்லை. அது அவருடைய மைத்துனரின் வேன்.

இரண்டாம் இடத்தில் இருப்பது காயல்பட்டினத்து வீடு ஒன்றில், கல்யாணத்துக்கு முந்தைய நாள் பெண்கள் கூடிப் பாடியது. இந்தப் பாட்டுக்கு நடுவில் அடுத்த அடியை யார் எடுப்பது என்று ஒரு சண்டை வருகிறது. சண்டையும் அதே தாளத்தில் நடக்கிறது. எனக்குத் தெரிந்து தமிழில் இப்படி ஒரு பதிவு வேறு இல்லை. ஆனால் பாடுகிறவர்களில் ஒருவர் சுலைகா மேடத்தின் தாயார். "எங்க உம்மா குரல் வீட்டுக்குள்ள பாடுனது. வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்று மேடம் சொல்லிவிட்டார். ஆகவே அபூர்வத்துக்கு இருபதுக்கு இருபது. கேட்க விரும்புகிறவர்கள் என் வார்த்தையை நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் இடம், "கரை சேர்ப்பாள்" என்ற கேசட். கீழவைப்பாருக்கு அப்பால் உள்ள ஒரு கடற்கரை ஊரின் மாதா கோயில் பங்கின் பாடகர் குழு முப்பது வருடத்துக்கு முன் வெளியிட்டது. பக்கத்துக்கு நான்காக மொத்தம் எட்டு மாதா பாட்டு. அட்டையில் கோயில் கோபுரமும் ஒரு வள்ளமும் இருக்கும், பாடியவர் பெயர் ஒன்றுகூட இருக்காது. பி பக்கத்தின் நான்காம் பாட்டு, "பாய் இறக்கும் நேரம்". ஆர்மோனியம் மட்டும் கூட வர, ஒரு சிறுமியின் குரல். பாயை இறக்கிவிட்டேன், காற்று இனி உன் பொறுப்பு என்று மாதாவிடம் சொல்லும் பாட்டு. சொல்லுகிற விதத்தில் கெஞ்சல் இல்லை, வேலையை முடித்துவிட்டு ஒப்படைக்கும் தோரணை இருக்கும். வெள்ளி மணி போன்ற குரல் என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். நான் வெள்ளி மணியை எங்கும் கேட்டதில்லை.

கட்டுரைக்கு வருவதற்கு முன் கடையின் முறையைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேடம் இதை ஒப்பிக்க வைத்தார்.

கேசட் வந்ததும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. ஐந்து திருகாணியையும் கழற்றித் திறக்க வேண்டும். நாடாவை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். அது உதிர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். உப்புக்காற்று ஊர் என்பதால் உருளைகளில் துரு இருக்கும். அதைத் துடைக்க வேண்டும். பிறகு நாடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், அங்கிருந்து திரும்பவும் மெதுவாகச் சுற்ற வேண்டும். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, காயவிட்டு, அதன் சாய்வைச் சின்னத் திருப்புளியால் சோதனைக் கேசட் ஒன்றின் தாளச் சத்தம் பளிச்சென்று கேட்கும்வரை திருப்ப வேண்டும். அதற்குப் பின்தான் ஓட்டுவது. முதல் ஓட்டமே பதிவு. பழைய நாடா இரண்டாவது தடவை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்படிப் பதிந்த கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு, அதன் நகலில்தான் கை வைக்க வேண்டும்.

நகலில் முதல் வேலை முனகலை எடுப்பது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவியில் பதிந்தால் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஒரு முனகலும் சேர்ந்து பதியும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை அதிர்வதால் முனகலும் ஐம்பதில்தான் இருக்கும். ஐம்பதை வெட்டினால் அது போய்விடும்.

சுலைகா மேடத்துக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். கணவர் வளைகுடாவில். கடையை அவர்தான் நடத்தினார். அவர் என்னைப் பாராட்டியதில்லை, திட்டியதும் இல்லை. எந்த முடிவோடு அவர் முன் போய் நின்றாலும், போன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே ஒரு சொல் கேட்பார். "வேற?" டெக் மோட்டார் போய்விட்டது மேடம் என்றால், "வேற?" வேறு என்னவாக இருக்கலாம் என்று பொருள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வேறு ஏதாவதுதான் இருக்கும். ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். என் கட்டுரையை நான் அவரிடம் காட்டவில்லை. அந்தச் சொல்லைத் தவிர்க்கத்தான் காட்டவில்லை என்பது இப்போது தெரிகிறது.

கட்டுரையில், பாடியவர் பதினான்கு வயதுக்கு மேற்படாத சிறுமி என்பதற்கு மூன்று ஆதாரங்களை எண் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒன்று, குரலின் மென்மை. இரண்டு, மூச்சு எடுத்துக்கொள்ளும் இடைவெளி மிகக் குறைவு. ஆகவே சிறிய நுரையீரல். மூன்று, உச்சரிப்பில் இருக்கும் துள்ளல். கூடவே அடிக்குறிப்பாக இரண்டு விசித்திரங்கள். இந்தப் பாட்டில் மட்டும் முனகல் ஐம்பதில் இல்லாமல் ஐம்பத்தெட்டில் இருந்தது. தேடிக் கண்டுபிடித்து நீக்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். இந்தப் பாட்டில் மட்டும் ஆர்மோனியம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒலிக்கிறது. கடற்காற்றில் அதன் ஒலி எழுப்பும் ரீடுகள் கெட்டிருக்கலாம் என்றும் எழுதியிருந்தேன். கடற்காற்று மற்ற ஏழு பாட்டுகளை ஏன் விட்டுவைத்தது என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு கேசட் ரசிகர்கள் உண்டு. ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பினார்கள்.

ஒரு மத்தியானம் கடையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா உள்ளே வந்தார். நீல நிறச் சேலைக்கு மேல் ஒரு நிறுவனத்தின் அடையாள அட்டை தொங்கியது. கையில் "கரை சேர்ப்பாள்".

"சுபான்னு ஒரு பிள்ள இங்கன வேல பாக்குதாமே?"

நான்தான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா? ஆராய்ச்சின்னதும் பெரிய ஆளா இருக்கும்னு நெனச்சேன். எம்மா, என் பேரு ஜெசிந்தா. நண்டு கம்பெனில சூப்பர்வைசர். இதுல கடைசிப் பாட்டு நான் பாடுனது."

சொன்ன குரல் கடையின் பின்சுவரில் போய் மோதித் திரும்பியது. அவ்வளவு கனமான, அடியிலிருந்து வருகிற குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆண் என்றுதான் நினைக்கத் தோன்றும். நான் பொறுமையாக, படித்தவர்களுக்கே உரிய அந்தப் புன்னகையோடு உட்காரச் சொன்னேன்.

அவர் சொன்னது இது. அந்த வருடத் திருவிழாவில் பழைய கேசட்டின் எட்டுப் பாட்டையும் அன்று பாடியவர்களே மேடையேறிப் பாடுவது என்று பங்கில் முடிவாகியிருந்தது. கப்பலில் இருப்பவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும்கூடச் சொல்லியனுப்பிவிட்டார்கள். எட்டாவது பாட்டுக்கு மட்டும் ஆள் தெரியவில்லை. ஜெசிந்தா அக்கா, நான்தான் என்று போய் நின்றிருக்கிறார். குழுவை இப்போது நடத்தும் சேவியர் மாஸ்டர் ஊருக்கு வந்து பத்து வருடம்தான் ஆகிறது. அவர் நம்பவில்லை. கல்லூரியில் படிக்கும் பெனிட்டா என்ற பெண்ணை அந்தப் பாட்டுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

"கூடப் பாடுனவங்க யாருக்கும் நினைவில்லையா?" என்று கேட்டேன்.

"நான் கொயர்லயே கெடையாதுல்லா. மூணு தடவ கேட்டேன், 'ஒனக்கு ஆம்பளக் குரலு, கூட்டத்துல தனியாத் தெரியும்'னு வேண்டாம்னுட்டாவ. கடைசிப் பாட்டு பாட வேண்டிய பிள்ளைக்கு அன்னைக்கு அம்ம போட்டுருச்சு. மத்தவங்க பாட்டெல்லாம் எடுத்து முடிச்சு வீட்டுக்குப் போயிட்டாவ. சாமியாரும் ஆர்மோனியக்காரரும் மட்டும் இருந்தாவ. கோயில் கூட்ட வந்த என்னைக் கூப்புட்டு, 'பாட்டு தெரியுமா ளா'ன்னு கேட்டாவ. பாடுனேன். சாமியார் போய்ச் சேந்துட்டாரு. ஆர்மோனியக்காரர் எந்த ஊர்ல இருக்காரோ."

"கேசட் வந்தப்ப நீங்க யார்ட்டயும் சொல்லலியா?"

"வீட்டுக்காரர்ட்ட போட்டுக் காட்டுனேன். கேட்டுட்டு, 'இந்தப் பிள்ளைய வேணும்னா தத்தெடுத்துக்கிடலாம்'ன்னாரு. எனக்கே அது என் குரலு மாதிரி இல்ல. மிஷின்ல போனா அப்பிடி ஆகும்போலன்னு இருந்துட்டேன்."

பிறகு தன் போனை எடுத்து என் முன் வைத்தார். திரையில் என் கட்டுரை. "மாஸ்டர் இதத்தான் காட்டுதாரு. 'தூத்துக்குடில இஞ்சினியருக்குப் படிச்ச பிள்ள எழுதிருக்கு. சின்னப் பிள்ளைக்குள்ள நுரையீரல்னு போட்டிருக்கு பாருங்க'ங்காரு. ஏளா, என் நுரையீரல நீ எப்பம் பாத்த?"

போட்டோவுக்குக் காத்திருந்த ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் அடக்கமாக விளக்கினேன். குரலின் தன்மை வயதோடு மாறும்தான், ஆனால் இவ்வளவு மாறாது என்றேன். அவர் ஒரு வரி பாடிக் காட்டினார். சுருதி சுத்தமாக இருந்தது. ஆனால் அந்தக் குரலுக்கும் கேசட்டுக் குரலுக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. "மன்னிச்சுக்கோங்க அக்கா. அது நீங்க இல்ல" என்றேன். இவ்வளவு நிதானமாகவும் மரியாதையாகவும் நான் வாழ்க்கையில் வேறு எந்தத் தவறும் செய்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. கேசட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். "எனக்கு ஆயுசுக்கும் ஒரே ஒரு பாட்டுதான் பாடக் குடுத்தாவ. அதுவும் என்னுது இல்லன்னா, சரி" என்று எழுந்தார்.

கல்லாவில் இருந்த மேடம் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சுபா" என்றார். "வேற?"

"குரல் பொருந்தல மேடம்."

"அவங்க பொய் சொல்லுறாங்க. அது ஒண்ணு. வேற?"

வேறு என்னவாக இருக்க முடியும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவர் சொல்வது உண்மை என்று வைத்துக்கொண்டால், குரலை ஏதோ ஒன்று மாற்றியிருக்க வேண்டும். குரலை மட்டும் தனியாக மாற்றும் கருவி அந்தக் காலத்தில் கடற்கரைப் பங்கில் இருந்திருக்காது. மாறினால் பாட்டில் உள்ள எல்லாமே சேர்ந்துதான் மாறியிருக்கும். "அக்கா, ஒரு நிமிசம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பூட்டி வைத்திருந்த முதல் ஓட்டக் கோப்பைத் திறந்தேன்.

முனகல், நான் வெட்டாத நிலையில், ஐம்பத்தெட்டில் அப்படியே இருந்தது.

ஐம்பதில் இருக்க வேண்டியது ஐம்பத்தெட்டில் இருந்தால், கேசட்டுக்கு நகல் எடுக்கும்போது நாடா அந்த அளவுக்கு வேகமாக ஓட்டப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். வேகம் கூடினால் ஆர்மோனியம் மேலேறிக் கட்டைகளுக்கு நடுவில் நிற்கும். மூச்சு குறுகும். உச்சரிப்பு துள்ளும். கனமான குரல் மெலிந்து சிறுமியாகும். என் மூன்று ஆதாரங்களும் இரண்டு விசித்திரங்களும் ஒரே காரணத்தின் ஐந்து பிள்ளைகள். அவற்றில் முக்கியமான சாட்சியை நானே தேடிப் பிடித்து அழித்துவிட்டு, அழித்த கதையை ஊருக்கும் சொல்லியிருக்கிறேன்.

மேடத்திடம் சொன்னேன். அவர், "வேற?" என்றார்.

வேறும் இருந்தது. அன்று மின்சாரம் போய் ஜெனரேட்டரில் பதிந்திருந்தால் முனகல் ஐம்பதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. மாஸ்டர் அப்படிக் கேட்டால் பதில் இல்லை. ஜெசிந்தா அக்காவுக்கு ஜெனரேட்டர் ஓடியதா என்று ஞாபகம் இல்லை. "பயத்துல எனக்கு என் பேரே ஞாபகம் இல்ல, இதுல ஜெனரேட்டர எங்க பாக்க?" என்றார்.

"அந்த ஆர்மோனியம் இப்ப எங்க அக்கா?"

"கோயில்லதான் கெடக்கு. மாஸ்டர் அதத்தான் வாசிக்காரு."

மின்சாரம் எப்படி அதிர்ந்தாலும் ஆர்மோனியத்தின் ரீடுகளுக்குக் கவலை இல்லை. அவை அவற்றின் சுருதியில்தான் பேசும்.

அந்தச் சனிக்கிழமை மாலை கோயிலில் நடந்த ஒத்திகைக்குப் போனேன். மடிக்கணினி, ஒரு சின்ன ஸ்பீக்கர், இடது பக்கம் வேலை செய்யாத ஹெட்போன். சேவியர் மாஸ்டர் என்னை வாசலுக்கு வந்து வரவேற்றார். "எங்க பாட்டப் பத்தி எழுதுன மேடம் இவுகதான்" என்று குழுவுக்கு அறிமுகம் செய்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுபோல நான் எதிலும் கூனிக்குறுகி உட்கார்ந்ததில்லை. ஜெசிந்தா அக்கா பின்னால், தூணருகே நின்றார்.

"மாஸ்டர், நான் எழுதுனது தப்பா இருக்கலாம். சரிபாக்க வந்திருக்கேன். பி பக்கம் மூணாம் பாட்ட முதல்ல போடுறேன். ஆர்மோனியத்துல கூடவே வாசிங்க" என்றேன்.

வாசித்தார். கேசட்டில் இருந்த ஆர்மோனியமும் அவர் விரலுக்கடியில் இருந்ததும் ஒன்றாக ஒலித்தன. முப்பது வருடத்தில் அது பெரிதாக மாறியிருக்கவில்லை. அடுத்து நான்காம் பாட்டைப் போட்டேன். மாஸ்டர் ஒரு கட்டையைத் தொட்டார், தலையை ஆட்டினார், அடுத்ததைத் தொட்டார். இரண்டும் சேரவில்லை.

"அது எப்பவும் சேராது மேடம். பெனிட்டாவுக்காக நாங்க வேற சுருதில வச்சிருக்கோம்."

"ஒரே பெட்டி. இதுல மட்டும் ஏன் மாஸ்டர் சேரல?"

அவர் முதல் கட்டையை மறுபடி தொட்டுப் பார்த்தார். அவர் நல்ல காது உள்ளவர். என்னைவிட நல்ல காது என்று அன்று தெரிந்தது. வேகத்தைக் குறைக்கப் போகிறேன், பெட்டியோடு எங்கே சேருகிறதோ அங்கே கையைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் திரையைப் பார்க்க முடியாதபடி கணினியைத் திருப்பி வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை இறக்கினேன். பாட்டு தளர்ந்தது. சிறுமி வளர்ந்தாள். மாஸ்டர் ஒரு கட்டையை அழுத்தியபடியே துருத்தியை அசைத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் இரண்டு ஒலியும் ஒன்றுக்குள் ஒன்று போய் மறைந்தன. அவர் கை உயர்ந்தது. என் திரையில் முனகல் ஐம்பதில் வந்து நின்றிருந்தது.

ஸ்பீக்கரில் ஒரு இளம்பெண் கனமான குரலில், அவசரமில்லாமல், பாயை இறக்கிவிட்டேன் என்று மாதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் பேசியது பெனிட்டா.

"மாஸ்டர், இது இவுக குரல்தான். டெய்லி போன்ல கேக்கேன். எங்கம்மா நண்டு கம்பெனிலதான் வேல பாக்குது. இதே குரல்தான் பின்னால இருந்து 'நண்டு ஓட்ட ஒழுங்கா எடுங்க ளா'ன்னு திட்டும்."

ஒத்திகை கலைந்து சிரிப்பானது. மாஸ்டர் எழுந்து தூணருகே போனார். "அக்கா, நான் இந்த மேடம் எழுதுனத நம்பிட்டேன்" என்றார். அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அதனால் எனக்கு இன்னும் நன்றாக வலித்தது.

ஜெசிந்தா அக்கா அழுவார் என்று எதிர்பார்த்து நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டு முடியும்வரை கேட்டார். "இம்புட்டு மெதுவாவா பாடிருக்கேன்? தூக்கம்லா வருது" என்றார். பிறகு, "இன்னொரு மட்டம் போடு" என்றார். மூன்று தடவை போட்டேன்.

நாடாவை வேகமாக ஓட்டியது யார் என்று தெரியவில்லை. என் ஊகம், பி பக்கத்தில் நாடா போதவில்லை. நகல் எடுத்த கடையில் யாரோ கடைசிப் பாட்டுக்கு மட்டும் மூல நாடாவை ஓட்டும் மோட்டாரின் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி, வேகத்தைக் கூட்டி அடக்கிவிட்டார்கள். அந்தக் கடை எது என்று பங்கில் யாருக்கும் நினைவில்லை. ஊகம் என்பதை இந்த முறை தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

திருவிழாவில் ஜெசிந்தா அக்கா பாடினார். மாஸ்டர் சுருதியைப் பழைய இடத்துக்கே இறக்கியிருந்தார். பெனிட்டா பின்னணியில் நின்றாள். நான் பெண்கள் பக்கம், ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் அடியில் ஒரு சலசலப்பு எழுந்தது. இரண்டாவது அடியில் அது அடங்கியது. மைக்கிலிருந்து அவர் ஒரு முழம் தள்ளியே நின்றார், தேவைப்படவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் என் பின்னால் இருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "நல்லாத்தான் பாடுதா. ஆனா கேசட்டுல பாடுன பிள்ள மாதிரி வராது."

திரும்பி விளக்கலாம் என்று வாயெடுத்தேன். முனகல், ஐம்பது, ஐம்பத்தெட்டு என்று எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்த ஜெசிந்தா அக்காவிடமே அதைச் சொன்னேன். "யாரு, விக்டோரியாவா? அவ சொல்லுறது சரிதான். எனக்கும் அந்தப் பிள்ளையத்தான் பிடிக்கும்" என்றார்.

இப்போதைய நிலை இது. கட்டுரையை நீக்கவில்லை. தலைப்புக்குக் கீழே, இதில் உள்ள மூன்று ஆதாரங்களும் தவறு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் இருவர், சிறுமி இல்லாத பாட்டு தங்களுக்கு வேண்டாம் என்று விலகிவிட்டார்கள். பாட்டு இரண்டு வேகத்திலும், என்னை இதை எழுதச் சொன்ன அந்த இளைய பெண்களின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. வேகமானதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அந்த அதிகம் பேரில் நானும் உண்டு. இரண்டின் கீழும் பாடியவர் ஜெசிந்தா என்று போட்டிருக்கிறது. இந்த வருடத் திருவிழாவுக்கும் எட்டாவது பாட்டு அவருக்குத்தான்.